இடம், பொருள், ஏவல்: ஓர் ஆளியுடன் பேசுதல்

எமது கணினி ஆய்வுகூடத்தின் வாசற்பக்கச் சுவரில், தலைக்கு மேலே ஓர் இரும்புப் பெட்டியினுள் வலையமைப்பு ஆளி ஒன்று இருக்கிறது. இருபத்துநான்கு துறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறிய பச்சை விளக்கு. கொழும்பில் ஓர் அலுவலகம் புதிய சாதனங்கள் வாங்கியபோது கழித்துவிட்ட இது, நலன்விரும்பி ஒருவர் மூலம் எமக்குக் கிடைத்தது. வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேலாக அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. காரணம் மிக எளிது. அதன் கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் உள்ளே போய் என்ன சொல்வதென்றும் எங்களில் எவருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் ஆய்வுகூட வலையமைப்பில் ஏதும் பிழைத்தால் நகரத்திலிருந்து ஒருவர் வரும்வரை காத்திருப்போம். அவர் வருவார், ஒரு வயரைக் கழற்றி வேறிடத்தில் செருகுவார், பணத்தை வாங்கிக்கொண்டு போவார். என்ன செய்தார் என்று கேட்டால் "அது டெக்னிகல், மிஸ்" என்பார். அவர் மறைத்துவைத்த அந்த "டெக்னிகல்" விடயத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவியருக்காக எழுதினாலும், கலைப்பிரிவு மாணவியரும் வாசிக்கலாம். இதில் பாதி இலக்கணம்தான்.

முதலில் சொற்கள். ஆங்கிலத்தில் சுவிட்ச் எனப்படுவதை எமது பாடநூல்கள் ஆளி என்கின்றன. மின்விளக்கின் ஆளியும் இதுவும் ஒரே சொல். "ஆளி எண்டா சிங்கம் எண்டுதானே தமிழ் டீச்சர் சொன்னா" என்று ஒரு மாணவி கேட்டாள். அதுவும் சரி. ஆள்பவர் என்ற பொருளும் உண்டு. வலையமைப்பில் எந்தச் செய்தி எந்த வழியால் போக வேண்டும் என்று ஆள்வதால் பெயர் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கலைச்சொல் ஆக்குவது எமது பிரதேசத்துக்குப் புதிதல்ல. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்ற சுவாமி விபுலானந்தர் எமது வாவியின் தென்கோடிக்கு அப்பாலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர். இனி, கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. அவற்றை இங்கே ஒலிக்கும் விதமாகத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது.

ஆளி செய்யும் வேலை என்ன? அதற்கு முன்னிருந்த ஹப் என்ற சாதனத்தைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு ஒப்பிடலாம். ஒருவருக்கான அறிவித்தலை ஊரே கேட்கும். உரியவர் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பும். ஆளியோ பழகிய தபால்காரர். கடிதத்தை உரிய வீட்டில் மட்டும் கொடுக்கும்.

எந்த வீடு எங்கே என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு அட்டையிலும் 48 பிற்று நீளமான முகவரி ஒன்று உண்டு. பதினறும எண்களில் பன்னிரண்டு இலக்கங்களாக எழுதுவோம். இதுவே மேக் முகவரி. ஒரு கணினி செய்தி அனுப்பும்போது அனுப்புநர் முகவரியும் அதில் இருக்கும். ஆளி பெறுநரைப் பார்க்கும் முன் அனுப்புநரைக் குறித்துக்கொள்கிறது: இந்த முகவரிக்காரர் ஐந்தாம் துறையில் இருக்கிறார். பிறகு பெறுநரைத் தன் அட்டவணையில் தேடும். இருந்தால் அந்தத் துறையால் மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால் வந்த துறை தவிர மற்ற எல்லாத் துறைகளாலும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வந்தால் அந்த முகவரியும் பதிவாகிவிடும். 300 விநாடிகளுக்கு ஒருவரிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லையென்றால் பெயரை அழித்துவிடும்.

துறை என்ற சொல்லை நாம் பாடமாக்கத் தேவையில்லை. மண்முனையில் பாலம் திறக்கப்பட்ட 2014க்கு முன், வாவியின் படுவான்கரைக்குப் போக வள்ளத்துறையில் காத்திருந்தவர்கள் எமது வீடுகளிலேயே இருக்கிறார்கள். அடிக்கடி வருபவர் எந்தக் கரைக்காரர் என்று வள்ளக்காரருக்குத் தெரியும். பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். எவரும் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை.

இத்தகைய பல துறை ஈதர்நெட் ஆளியை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். ஏழே துறைகள். நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர், நிறுவனத்துக்கு வைத்தது தன் மனைவியின் பெயர். 1994இல் அந்நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. சிஸ்கோவை 1984இல் தொடங்கிய இருவரில் ஒருவர் சாண்டி லேனர் என்ற பெண். எமது பெட்டியும் சிஸ்கோவின் கற்றலிஸ்ட் 2960 வகைதான்.

இனி எமது கதை. ஆளி அட்டைப் பெட்டியில் கிடந்த அந்த வருடம், ஆய்வுகூடமும் அலுவலகமும் ஒரே வலையமைப்பில் இருந்தன. அச்சுப்பொறியைப் பகிர்வதற்காக எப்போதோ யாரோ அலுவலகத்திலிருந்து ஒரு வடத்தை இழுத்து ஆய்வுகூடத்தில் பொருத்தியிருந்தார்கள். ஒருநாள் பதின்மூன்றாம் தர மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "டீச்சர், நான் ஒண்டும் செய்யல்ல. நெட்வேர்க் எண்ட படத்த அமத்தினன். தவணைப் புள்ளி எல்லாம் வருது" என்றாள். போய்ப் பார்த்தேன். முழுக் கல்லூரியினதும் தவணைப் பரீட்சைப் புள்ளிகள், கடவுச்சொல் இல்லாத பகிர்வுக் கோப்புறையில். திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அவள் தன் பெயரைக்கூடத் தேடிப் பார்க்காமல் மூடிவிட்டு வந்திருந்தாள். அவள் வராமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

கோப்புறைக்கு அன்றே கடவுச்சொல் போட்டோம். ஆனால் அது கதவுக்குப் பூட்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் வேண்டும். அந்த மதிலைக் கட்டக்கூடிய பொருள் அட்டைப் பெட்டியில் இருந்தது.

ஆளிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. பின்புறத்தில் கொன்சோல் என்று எழுதிய ஒரு துளை மட்டும் உண்டு. அதற்கென்றே உள்ள நீல நிறத் தட்டை வடத்தின் ஒரு முனையை அதில் செருகி, மறு முனையை யூஎஸ்பி மாற்றி ஒன்றின் மூலம் கணினியில் இணைக்க வேண்டும். புட்டி என்ற இலவச மென்பொருளில் தொடர் இணைப்பைத் தெரிவுசெய்து, வேகம் 9600 என்று கொடுக்க வேண்டும். வேகம் பிழைத்தால் திரையில் குப்பை எழுத்துகள் வரும். அது பழுதல்ல, இருவரும் வெவ்வேறு வேகத்தில் பேசுகிறார்கள் என்பதன் அடையாளம். எமக்கு முதல் நாள் அதுதான் வந்தது.

கடவுச்சொல் தெரியாத பெட்டியை எப்படித் திறப்பது? முன்புறத்தில் மோட் என்ற சிறு பொத்தான் இருக்கிறது. மின்வடத்தைக் கழற்றி, அந்தப் பொத்தானை அழுத்தியபடியே மீண்டும் மின்னைக் கொடுத்தால், ஆளி முழுமையாக விழிக்காமல் பாதித் தூக்கத்தில் நிற்கும். அப்போது "பிளாஷ்_இனிட்" என்ற கட்டளையால் நினைவகத்தைத் திறந்து, கன்பிக் டெக்ஸ்ட் என்ற கோப்பின் பெயரை "ரீநேம்" கட்டளையால் வேறொன்றாக மாற்றிவிட்டு, "பூட்" என்று சொல்ல வேண்டும். விழித்த ஆளி தன் பழைய அமைப்புக் கோப்பைத் தேடும், காணாது. புதிதாய்ப் பிறந்தது போல எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல் நிற்கும். இதற்குப் பெட்டியின் முன் நேரில் நிற்க வேண்டும், தொலைவிலிருந்து செய்ய முடியாது. ஆகவேதான் எமது ஆளியை இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறோம்.

பெயர் மாற்றிய அந்தப் பழைய கோப்பு அழியாமல் உள்ளேயே இருந்தது. மாணவியர் வாசிக்க ஆசைப்பட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தேன். எந்தத் துறையில் எந்த அலுவலர், எந்த அறை என்றெல்லாம் அந்த அலுவலகத்தார் எழுதிவைத்திருந்தார்கள். ஒரு கடவுச்சொல்லும் வெளிப்படையாகவே இருந்தது. அதே கடவுச்சொல்லை அவர்கள் இன்றும் வேறு இடங்களில் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். பிறர் மறந்துவிட்டுச் சென்ற பொருள் நம் கையில் அமானிதம். மேலும் வாசிக்காமல் அழித்தோம். கூடவே வீலேன் டற் என்ற கோப்பையும் அழிக்க வேண்டும். அமைப்புக் கோப்பை மட்டும் அழித்தால் பழைய வீலேன் பெயர்கள் போகமாட்டா. பழைய ஆளியை யாருக்கேனும் கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் அழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். பேச்சில் இடம், பொருள், ஏவல் அறிய வேண்டும் என்பார்கள். கட்டளை வரி இடைமுகத்தின் முழு இலக்கணமும் இந்த மூன்றுதான்.

இடம் என்பது நீங்கள் நிற்கும் நிலை. திரையில் சுவிட்ச் என்ற பெயருக்குப் பின்னால் > குறி இருந்தால் வாசலில் நிற்கிறீர்கள். சிலவற்றைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. "எனேபிள்" என்று தட்டினால் குறி # ஆக மாறும். வீட்டினுள் வந்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் பார்க்கலாம். "கன்பிகர் டெர்மினல்" என்றால் அடைப்புக்குறிக்குள் கன்பிக் என்று வரும். இது சமையலறை, எதையும் மாற்றலாம். இங்கிருந்து "இன்டர்பேஸ் பாஸ்ட்ஈதர்நெட் 0/5" என்றால் ஐந்தாம் துறை என்ற ஒரே அடுப்பின் முன் நிற்கிறீர்கள். "எக்ஸிட்" ஒரு படி பின்னே கொண்டுவரும். "எண்ட்" ஒரேயடியாக # குறிக்குக் கொண்டுவரும். மாணவியர் விடும் பிழைகளில் பெரும்பாலானவை சொற்பிழைகளல்ல, இடப்பிழைகள். சரியான கட்டளையைத் தவறான இடத்தில் சொல்லிவிட்டு "கேக்குதில்ல டீச்சர்" என்பார்கள். ஆகவே தட்டும் முன் குறியைப் பாருங்கள்.

ஏவல் வினை இங்கே முதலில் வரும், பொருள் பின்னால் வரும். தமிழில் "புத்தகத்தை எடு" என்போம். இங்கே "எடு புத்தகத்தை" என்ற ஒழுங்கு. "ஷோ" என்றால் காட்டு. "ஷோ வீலேன் பிரீப்", "ஷோ இன்டர்பேஸஸ் ஸ்டேட்டஸ்", "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்" என்று எதையும் காட்டச் சொல்லலாம். கடைசியில் சொன்னதைத் தட்டினால் முன்பு விளக்கிய தபால்காரரின் பட்டியலே திரையில் வரும். எதிர்மறைக்குத் தனி விகுதி கிடையாது. கட்டளையின் முன்னால் "நோ" சேர்த்தால் போதும். "ஷட்டவுன்" துறையை மூடும், "நோ ஷட்டவுன்" திறக்கும்.

எதுவும் பாடமாக்க வேண்டாம். எந்த இடத்திலும் கேள்விக்குறியைத் தட்டினால் அங்கே சொல்லக்கூடியவை அனைத்தையும் ஆளியே பட்டியலிடும். பாதிச் சொல்லின் பின் தட்டினால் அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களைத் தரும். டெப் விசை மீதியை நிரப்பும். வேறெதோடும் குழம்பாத அளவுக்கு எழுதினால் முழுச் சொல்லும் தேவையில்லை. பிழைத்தால் எந்த எழுத்தில் பிழைத்தது என்று அதன் கீழே ^ குறி போட்டுக் காட்டும். இவ்வளவு பொறுமையான ஆசிரியரை நான் வேறெங்கும் கண்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரேயொரு கெட்ட பழக்கம் உண்டு. # குறியில் தெரியாத ஒரு சொல்லைத் தட்டிவிட்டால், அது ஏதோ தொலைவிலுள்ள கணினியின் பெயர் என்று நினைத்து, அதைத் தேடப் போய்விடும். திரை உறைந்து நிற்கும். பயந்து மின்னை நிறுத்த வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும். "நோ ஐபி டொமைன்-லுக்கப்" என்று ஒரு தடவை கட்டளையிட்டால் இந்தத் தேடலையே விட்டுவிடும்.

நாங்கள் செய்த வேலை இதுதான். "ஹோஸ்ட்நேம்" கட்டளையால் பெயர் வைத்தோம். "எனேபிள் சீக்ரெட்" என்பதால் உள்வாசலுக்குக் கடவுச்சொல் போட்டோம். "எனேபிள் பாஸ்வேர்ட்" என்றும் ஒன்று உண்டு. அது கடவுச்சொல்லை வாசிக்கக்கூடியதாகவே சேமிக்கும், பயன்படுத்தாதீர்கள். பிறகு மதில். ஒரே ஆளியைப் பல ஆளிகளாகப் பிரிப்பதே வீலேன், அதாவது மெய்நிகர் உள்ளக வலையமைப்பு. வீலேன் 10 மாணவியருக்கு, வீலேன் 20 அலுவலகத்துக்கு. "இன்டர்பேஸ் ரேஞ்ச்" என்று பல துறைகளை ஒன்றாகத் தெரிவுசெய்து, 1 முதல் 18 வரை "சுவிட்ச்போர்ட் மோட் அக்சஸ்", "சுவிட்ச்போர்ட் அக்சஸ் வீலேன் 10". 19 முதல் 22 வரை அதேபோல் 20. இணைய இணைப்புகள் ஏற்கனவே இரண்டு இருந்ததால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு வழிப்படுத்தியைக் கொடுத்தோம். அச்சுப்பொறி அலுவலகத்துக்கே போய்விட்டது. அதற்காகச் சிலர் என்னோடு கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

வேலை முடிந்ததும் புள்ளிகளைக் கண்ட அந்த மாணவியையே அழைத்து, அதே கணினியில் அதே படத்தை அழுத்தச் சொன்னேன். ஆய்வுகூடக் கணினிகள் மட்டும் தெரிந்தன. நான்கு மாணவியரும் நானும் அஸர் தொழுகைக்கு முன் வீடு போய்ச் சேர்ந்தோம்.

அன்றிரவு மழை. மார்கழி மழை எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சாரமும் போனது. காலையில் வந்து பார்த்தால் ஆளி தன் பெயரை மறந்து வெறும் சுவிட்ச் என்று நின்றது. அன்றுதான் தவணைப் புள்ளிகளைப் பதியும் நாள். அலுவலகமும் ஆய்வுகூடமும் பழையபடி ஒன்றாகிவிட்டன. இரண்டு வழிப்படுத்திகளும் ஒரே வலையமைப்பில் ஆளுக்கொரு முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. முதலாம் பாடவேளைக்குள் என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

நடந்தது இதுதான். நாம் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் அந்தக் கணமே நடைமுறைக்கு வருகிறது. ஆனால் அது இருப்பது ரம் நினைவகத்தில். இதை இயங்கும் அமைப்பு என்பர். மின்சாரம் போனால் போய்விடும். விழிக்கும்போது ஆளி வாசிப்பது தொடக்க அமைப்பு என்ற வேறொரு கோப்பை. ஒன்றை மற்றொன்றில் பிரதிசெய்ய "கொப்பி ரன்னிங்-கன்பிக் ஸ்டார்ட்டப்-கன்பிக்" என்று நாமே சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. வீட்டில் கணக்கை மனதில் போட்டுவிட்டுக் கொப்பியில் எழுத மறந்தது போல.

மாணவி ஒருத்தி "ஷோ வீலேன் பிரீப்" தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், பத்தும் இருபதும் பேர் இரிக்கி. ஆனா அதுக்குள்ள துறை ஒண்டும் இல்ல." அது ஏன் என்று யோசியுங்கள். வீலேன்களின் பெயர்கள் வீலேன் டற் கோப்பில் தாமாகவே சேமிக்கப்படுகின்றன. முந்தைய நாள் நாங்கள் அழித்தோமே, அதே பெயருள்ள கோப்பு. எந்தத் துறை எந்த வீலேனுக்கு என்ற செய்தி மட்டும் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. மதிலுக்கு அத்திவாரம் இருந்தது, கல் இல்லை. அன்று காலை அலுவலக வடங்களைக் கழற்றிவைத்துவிட்டு, எல்லாவற்றையும் மீண்டும் தட்டினோம். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் எடுத்தது, இம்முறை இருபது நிமிடம். சேமித்தோம். சேமித்ததை நம்பாமல் மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்துப் பார்த்தோம். பிறகே வடங்களை மாட்டினோம்.

பழைய நாளொன்றில் நகரத்திலிருந்து வந்தவர் கழற்றிய அந்த ஒரு வயரின் இரகசியமும் இந்த ஆளியால்தான் விளங்கியது. பெற்றோர் கூட்டத்துக்காக ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கியபோது, கீழே கிடந்த வடமொன்றின் இரு முனைகளையும் யாரோ ஒழுங்காகச் சுவரிலுள்ள இரண்டு துளைகளில் செருகிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். அதனால் ஒரு வட்டம் உண்டானது. எல்லோருக்குமான செய்தி ஒன்று அந்த வட்டத்தில் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, சில விநாடிகளில் வலையமைப்பையே மூழ்கடித்தது. மலிவான பழைய ஆளிகளுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

இதற்குத் தீர்வை 1985இல் கண்டவர் ரேடியா பேர்ல்மன். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கோர்ப்பரேஷனில் பணியாற்றிய கணிதம் படித்த பெண். எல்லாக் கிளைகளையும் தொட வேண்டும், எங்கும் வட்டம் உண்டாகக்கூடாது. கணிதத்தில் அத்தகைய உருவத்துக்கு மரம் என்று பெயர். ஸ்பானிங் ட்ரீ எனும் அவரது நெறிமுறையில் ஆளிகள் தமக்குள் சிறு செய்திகளை அனுப்பி, ஒன்றை வேராகத் தெரிந்து, வட்டம் உண்டாக்கும் துறையைத் தாமே தடுத்துவிடும். தமது ஆய்வுக் கட்டுரைக்கு அவர் மரத்தைப் பற்றிய ஒரு கவிதையையே சுருக்கமாக வைத்தார். இலக்கிய மலரில் ஆளியைப் பற்றி எழுத எனக்குத் துணிவு தந்தது அந்தச் செய்திதான்.

நாங்களும் பரிசோதித்தோம். ஒரு வடத்தின் இரு முனைகளையும் ஏழாம், ஒன்பதாம் துறைகளில் வேண்டுமென்றே செருகினோம். ஏழாவது பச்சையானது. ஒன்பதாவது செம்மஞ்சளாகவே நின்றது. வலையமைப்பு எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கணினியைச் செருகினாலும் முதல் அரை நிமிடம் விளக்கு செம்மஞ்சளாகவே இருக்கும். வட்டம் உண்டா என்று ஆளி பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் வடத்தைக் கழற்றிக் கழற்றிச் செருகினால் அது மீண்டும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கும்.

ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்து ஏறாமல் ஆசிரியர் அறையிலிருந்தே ஆளியுடன் பேச, வீலேன் 20க்கு ஐபி முகவரி ஒன்று கொடுத்து எஸ்எஸ்எச் வழியைத் திறந்தோம். டெல்நெட் என்ற பழைய வழியும் உண்டு. அதில் கடவுச்சொல் மறைகுறியாக்கப்படாமலே வடத்தில் போகும். ஒரு மாலை, பயன்படுத்தாத 23, 24ஆம் துறைகளை மூடிவைக்க நினைத்தேன். அவசரத்தில் 20 முதல் 24 வரை என்று தட்டி, "ஷட்டவுன்" கொடுத்துவிட்டேன். திரை அப்படியே நின்றது. என் கணினி இருந்தது இருபதாம் துறையில். இருந்த கிளையை நானே வெட்டிவிட்டேன். அதிபர் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த மின்னஞ்சலும் பாதியில் நின்றது.

இம்முறை மறதி உதவிக்கு வந்தது. தவறான கட்டளையைச் சேமித்திருக்கவில்லையே. ஓடிப் போய் மின்னை நிறுத்திக் கொடுத்தேன். சேமித்த பழைய நிலைக்கு ஆளி திரும்பியது. அதன் பிறகுதான் "ரீலோட் இன் 10" என்ற கட்டளையைக் கற்றேன். ஆபத்தான மாற்றத்துக்கு முன் இதைத் தட்டினால், பத்து நிமிடத்தில் ஆளி தானாக நின்று, சேமித்த நிலையில் மீண்டும் தொடங்கும். மாற்றம் சரியாக அமைந்தால் "ரீலோட் கான்சல்" என்று நிறுத்திவிட்டுச் சேமிக்கலாம். அமையாமல் தொடர்பு அறுந்தால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இந்தக் கட்டளையைத் தட்டும்போது இயங்கும் அமைப்பைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த உபாயமே வீண்.

வீட்டில் பழகுவதற்கு ஆளி வாங்க வேண்டியதில்லை. பெக்கெட் ட்ரேசர் என்ற இலவச மென்பொருளில் இந்த ஆளியே திரையில் வரும். மேலே சொன்ன கட்டளைகளில் பெரும்பாலானவற்றை அதில் தட்டலாம். மோட் பொத்தான் மட்டும் பெட்டியில்தான். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போகிறவர்கள் அங்கும் இதே > குறியையும் # குறியையும் காண்பீர்கள். இந்தப் பல்கலைக்கழகங்களை ஒன்றிணைக்கும் லேர்ன் வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சலோடு ஆரம்பித்தது. 2020இல் நாடு முடக்கப்பட்டபோது பல்கலைக்கழக விரிவுரைகள் இணையத்தில் நடந்தது அதன் துணையோடுதான். வீட்டில் இருந்தபடி எம் ராத்தாமார் விரிவுரை கேட்டார்கள். நடுவில் யாரோ ஒருவர் இந்தக் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நகரத்திலிருந்து வருபவரை நாங்கள் அழைத்து இப்போது இரண்டு தவணைகள் ஆகின்றன. ஆளியின் கடவுச்சொல் மூடிய உறையில் அதிபரின் அலுமாரியில் இருக்கிறது. என்ன மாற்றினோம், எப்போது, யார் என்று எழுதும் கொப்பி ஆய்வுகூட மேசையின் இரண்டாம் லாச்சியில், நீல வடத்தோடு. கடைசிப் பதிவு என் கையெழுத்தல்ல. பதினாறாம் துறையின் சுவர்த் துளையை எலி கடித்திருந்ததால் அந்தக் கணினியைப் பதினேழுக்கு மாற்றியதாகவும், சேமித்ததாகவும், மின்னை நிறுத்திச் சரிபார்த்ததாகவும் பன்னிரண்டாம் தர மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்.